சக் ஷுல்டினர் முடிக்காமல் விட்டுச்சென்ற ஆல்பத்தை மற்றவர்கள் முடிக்கலாமா?

கேள்வி: ஆறாம்தந்தி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 13 நெருங்கும்போதெல்லாம் மனத்தில் எழுந்து, விடை கிடைக்காமலே அடங்கிவிடும் ஒரு கேள்வியை இம்முறை உங்களிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். 'டெத்' என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவைத் தொடங்கி, அதன் ஏழு ஸ்டுடியோ ஆல்பங்களிலும் பாடியும் கிடார் வாசித்தும் அக்குழுவின் உயிராக இருந்த சக் ஷுல்டினர் 2001-இல் அந்த நாளில்தான் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 34.

நம்மில் பெரும்பாலோர் அவரை 'டெத்' வழியாகவே அறிந்திருப்போம். ஆனால் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவருடைய மனம் 'கன்ட்ரோல் டினைட்' என்ற மற்றொரு குழுவின் மீதே இருந்தது. உறுமும் குரலை விட்டு விலகி, உச்ச ஸ்தாயியில் தெளிவாகப் பாடக்கூடிய ஒரு பாடகரை முன்னால் நிறுத்திவிட்டு, தாம் கிடாரை மட்டும் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. டிம் ஏமர் என்ற பாடகரோடு அக்குழுவின் முதல் ஆல்பம் 1999-இல் வெளிவந்தது. இயந்திரமும் மனிதனும் மோதிக்கொள்வதைச் சொல்லும் ஒரு தலைப்பை இரண்டாவது ஆல்பத்துக்கு வைத்து, 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் பதிவையும் தொடங்கியிருந்தார். அதற்குள் நோய் முந்திக்கொண்டது.

கல்லூரி விடுதியில் ஒருவர் படி எடுத்துக் கொடுத்த குறுந்தகட்டில்தான் அந்த இரண்டாவது ஆல்பத்தின் டெமோக்களை, அதாவது முன்னோட்டப் பதிவுகளை, முதன்முதலில் கேட்டேன். கிடாரும் டிரம்ஸும் சீறிக்கொண்டு போகின்றன. குரல் வரவேண்டிய இடம் வந்ததும் அது வரவில்லை. குரல் இல்லாமல் இயற்றப்பட்ட இசை போலும் என்று எண்ணிக்கொண்டு பல மாதங்கள் அப்படியே ரசித்திருக்கிறேன். அது முடிவுறாத வேலை என்று பின்னாளில் தெரியவந்தபோது, தெரியாமல் ஒருவருடைய வீட்டுக்குள் நுழைந்துவிட்டதைப் போன்ற கூச்சம் ஏற்பட்டது. இன்றும் அந்தப் பதிவுகளைக் கேட்கும்போது அந்தக் கூச்சம் முழுமையாக விலகுவதில்லை.

என் கேள்வி இதுதான். அந்த ஆல்பத்தை எஞ்சியிருக்கும் கலைஞர்கள் முடித்து வெளியிடுவது முறையா? அல்லது இருக்கும் நிலையிலேயே வெளியிட வேண்டுமா? யாரும் தொடாமல் விட்டுவிடுவதே மரியாதை என்று கருதுகிறவர்களும் தங்கள் காரணத்தை விளக்கமாக எழுதினால் மகிழ்வேன்.

பதில்: பழைய ஒலிநாடா

வணக்கம், நண்பரே. இதற்கு விடை தேடுமுன் சக் எப்படி வேலை செய்தவர் என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. விடையின் பாதி அதிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

1967-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் பிறந்த அவர், ஃபுளோரிடாவில் அல்டமான்ட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் வளர்ந்தார். ஒன்பது வயதில் தம் அண்ணனைக் கார் விபத்தில் இழந்தார். துயரத்தில் மூழ்கிக் கிடந்த சிறுவனுக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் பெற்றோர் கிடார் வாங்கிக் கொடுத்தார்கள். பதினாறு வயதில், 1983-இல், 'மான்டாஸ்' என்ற பெயரில் குழுவைத் தொடங்கி, மறு ஆண்டே அதை 'டெத்' என்று மாற்றினார். அக்காலத்தில் ஒலிநாடாக்களைத் தபாலில் அனுப்பிப் பண்டமாற்று செய்துகொள்ளும் ரசிகர்களே அவருடைய டெமோக்களை உலகெங்கும் கொண்டுசேர்த்தார்கள். 1987-இல் முதல் ஆல்பம் வந்தபோது, உறுமல் குரலும் கனத்த கிடாரும் கொண்ட டெத் மெட்டல் என்ற இசைவகைக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவராக அவர் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தார். அந்த இசையின் தந்தை என்று தம்மை அழைப்பதை மட்டும் அவர் கடைசிவரை விரும்பவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி 1990-இல் நடந்தது. ஐரோப்பியச் சுற்றுப்பயணம் ஒன்றுக்கான ஏற்பாடுகள் சரியில்லை என்று கருதிய சக், புறப்படும் தறுவாயில் விலகிக்கொண்டார். பேஸ் வாசித்த டெர்ரி பட்லரும் டிரம்ஸ் வாசித்த பில் ஆண்ட்ரூஸும் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு, 'டெத்' என்ற பெயரிலேயே, சக் இல்லாமல் அந்தப் பயணத்தை நடத்தி முடித்தார்கள். அவர் அதை மன்னிக்கவில்லை. இருவரும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். நிலையான உறுப்பினர்கள் என்ற ஏற்பாட்டையே கைவிட்டு, ஒவ்வோர் ஆல்பத்துக்கும் தேவைப்பட்டவர்களை அழைத்து வாசிக்கவைக்கும் முறைக்கு அவர் மாறியது அதற்குப் பிறகுதான். அந்தக் கசப்பிலிருந்து பிறந்ததுதான் 1991-இல் வந்த 'ஹியூமன்'. 'சினிக்' குழுவின் பால் மாஸ்விடலும் ஷான் ரைனர்ட்டும், 'சேடஸ்' குழுவின் ஸ்டீவ் டி ஜார்ஜியோவும் வாசித்த அந்த ஆல்பத்தை ஒருமுறை கேட்டவர்கள், டெத் மெட்டலில் இவ்வளவு நுணுக்கத்துக்கு இடம் உண்டா என்று வியந்துபோனார்கள்.

தாம் இல்லாமல் தம் குழு மேடை ஏறியதை ஒருமுறை கண்டு, அதை ஏற்க மறுத்தவர் அவர். ஆகவே, அவர் இல்லாத இடத்தில் அவருடைய இசையை வைத்து என்ன செய்தாலும், இதற்கு அவர் இசைந்திருப்பாரா என்ற கேள்வி மற்ற எல்லாக் குழுக்களுக்கும் எழுவதைவிட இங்கே கூடுதல் கூர்மையோடு எழுகிறது. 2012-இல் பழைய உறுப்பினர்கள் ஒன்றுகூடி அவருடைய பாடல்களை மேடையில் வாசிக்கத் தொடங்கியபோது, தங்களை 'டெத்' என்று அழைத்துக்கொள்ளாமல் 'டெத் டு ஆல்' என்று பெயர் வைத்துக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். மருத்துவச் செலவுக்கு வழியில்லாத இசைக்கலைஞர்களுக்கு உதவும் நிதியத்துக்காகவே அந்த நிகழ்ச்சிகள் தொடங்கப்பட்டன. கிடார் வாசித்தபடியே சக்கின் பகுதிகளைப் பாடும் மேக்ஸ் ஃபெல்ப்ஸ், அந்தக் குரலை நெருங்கி வருகிறார். ஆனால் அந்த இடத்துக்குத் தாம் உரியவர் என்று எங்கும் காட்டிக்கொள்வதில்லை. மேடையில் வாசிப்பது நினைவுகூர்தல். மறுநாள் காலையில் அது கரைந்துவிடும். ஆல்பம் அப்படிப்பட்டதன்று. சக் ஷுல்டினரின் கடைசிப் படைப்பு என்ற பெயரோடு அது என்றென்றும் நின்றுவிடும். அந்தப் பெயரைத் தாங்கி நிற்பதில் அவர் தேர்ந்தெடுக்காத ஒரு சுரம்கூட இருக்கக்கூடாது என்பது என் நிலைப்பாடு.

பதில்: கலவைமேசை

நான் பதினைந்து ஆண்டுகளாக ஒலிப்பதிவுக்கூடங்களில் வேலை செய்து வருகிறேன். ஓர் ஆல்பத்தை 'முடிப்பது' என்றால் நடைமுறையில் என்ன பொருள் என்பதை, என் தொழில் கற்றுக்கொடுத்த அளவில் விளக்குகிறேன்.

நம் ஊர்த் திரையிசையில் 'ட்ராக் பாடுதல்' என்று ஒரு வழக்கம் உண்டு என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். இசையமைப்பாளர் தத்தகாரத்திலோ தற்காலிகச் சொற்களிலோ மெட்டைப் பாடிவைப்பார். அதைக் கேட்டு ஒரு ட்ராக் பாடகர் பாடுவார். இறுதியில் முதன்மைப் பாடகர் வந்து அதே தடத்தில் தம் குரலைப் பதிவார். அந்த முதல் தத்தகாரம் கையில் இருக்கும் வரையில், மெட்டு இன்னாருடையது என்பதில் ஐயமே எழாது. அது இல்லாமல் தாளமும் கிடாரும் மட்டும் இருந்து, அதன்மேல் ஒருவர் புதிதாக ஒரு மெட்டைக் கட்டினால், அந்த மெட்டு கட்டியவருடையது. அடியில் ஓடும் கிடார் எவ்வளவு பெரிய மேதையினுடையதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

'டெத்' ஆல்பங்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. அங்கே உறுமல் குரல் பெரும்பாலும் தாளத்தின் மீது நடக்கும். பாடல் வரிகளும் அசைகளின் இடமும் தெரிந்தால், எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். 'கன்ட்ரோல் டினைட்' குழுவை அவர் உருவாக்கியதன் நோக்கமே மெட்டுள்ள குரலைக் கொண்டுவருவதுதான். முதல் ஆல்பத்தை மீண்டும் கேட்டுப் பாருங்கள். கிடார் ஒரு திசையில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஏமரின் குரல் அதற்கு எதிர்த்திசையில் இறங்கி வந்து, எதிர்பாராத ஓரிடத்தில் இரண்டும் சந்திக்கும். அந்தச் சந்திப்பை முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் கிடார்ப் பகுதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆறாம்தந்தி நண்பர் அந்த டெமோக்களைக் குரலற்ற இசை என்று எண்ணி ரசித்ததில் தவறே இல்லை. அந்தக் கிடார் தனியாகவே நிற்கும் வலிமையுடையது. ஆயினும் அது குரலுக்காக இடம்விட்டு எழுதப்பட்ட கிடார். அந்த இடத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று தீர்மானிக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

கலவைக்கும், அதாவது தனித்தனியாகப் பதிந்த தடங்களின் அளவுகளைச் சரிசெய்து ஒன்றாக்கும் 'மிக்ஸ்' வேலைக்கும், இதே பேச்சு பொருந்தும். 2011-இல் 'ஹியூமன்' ஆல்பம் மறுவெளியீடு கண்டபோது, மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தின் ஜிம் மோரிஸ் அதை முற்றிலும் புதிதாக மிக்ஸ் செய்தார். பழைய மிக்ஸில் கிட்டத்தட்டக் காதில் விழாமலே போயிருந்த டி ஜார்ஜியோவின் பேஸ் அதில் தெளிவாகக் கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் 1991-இன் அந்த அடைத்த, இறுகிய ஒலியோடு வளர்ந்தவர்கள் பலர் புதிய மிக்ஸை இன்றுவரை ஏற்கவில்லை. இத்தனைக்கும் அது முழுமையாக வாசித்து, பாடி, சக்கின் ஒப்புதலோடு வெளிவந்துவிட்ட ஆல்பம். அளவுகளை மாற்றியதற்கே இவ்வளவு பிணக்கு என்றால், குரலே இல்லாத ஒன்றில் குரலைச் சேர்ப்பது எத்தகைய பொறுப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தகுதியுள்ள ஒரு கூட்டம் இருந்தது. 'டெத்' குழுவின் 'சிம்பாலிக்' தொடங்கி சக்கின் ஆல்பங்களை உடனிருந்து பதிவு செய்த ஜிம் மோரிஸ், 'கன்ட்ரோல் டினைட்' குழுவின் முதல் ஆல்பத்தில் வாசித்த ரிச்சர்ட் கிறிஸ்டி, ஷானன் ஹாம், டி ஜார்ஜியோ, பாடிய ஏமர் ஆகியோரை ஒரே அறையில் உட்காரவைத்திருந்தால், அவர் எதை விரும்பியிருப்பார் என்று அவர்களுக்குள் விவாதித்தே பெரும்பகுதியைச் சரியாகக் கண்டடைந்திருக்கக்கூடும். அதற்கு வாய்ப்பு இருந்த ஆண்டுகள் வழக்கில் கழிந்துபோயின. டிம் ஏமர் 2023 பிப்ரவரியில் காலமானார். அன்றைக்கே என்னைப் பொறுத்தவரை அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. வேறொரு பாடகரைக் கொண்டு இனி முடித்தால், அது நல்ல இசையாக இருக்கலாம். சக் தொடங்கிய ஆல்பமாக இருக்காது.

பதில்: இரட்டைப்பெடல்

கலவைமேசை அவர்கள் வழக்கைப் பற்றிக் குறிப்பிட்டதால், அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அந்தப் பதிவுகளின் உரிமை குறித்து சக்கின் குடும்பத்துக்கும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இசை நிறுவனத்துக்கும் நெடுங்காலம் பிணக்கு நீடித்தது. 2004-இல் அந்த டெமோக்கள் 'டெத்' குழுவின் பழைய பதிவுகளோடு சேர்க்கப்பட்டு, இரண்டு தொகுப்புகளாக, குடும்பத்தின் எதிர்ப்பையும் மீறிக் கடைகளுக்கு வந்தன. விடுதியில் நண்பர் கேட்ட குறுந்தகட்டின் மூலம் அதுவாகத்தான் இருக்கும். சக்கின் முன்னாள் மேலாளரும் பின்னர் அவருடைய படைப்புரிமைகளைப் பார்த்துக்கொண்ட வழக்கறிஞருமான எரிக் கிரைஃப் பாடுபட்டதில், 2009 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. அதன்பின் ஆல்பத்தை முடிக்கும் எண்ணம் இருப்பதாகச் செய்திகள் வந்தன. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். கிரைஃப் 2021-இல் மறைந்தார். ஆல்பம் வரவில்லை.

இனி என் கருத்து. மேலே எழுதிய இருவரோடும் நான் மாறுபடுகிறேன். நான் டிரம்ஸ் வாசிப்பவன். ஆகவே ரிச்சர்ட் கிறிஸ்டியின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். அவர் அந்தப் பதிவுகளில் வாசித்திருப்பது மற்றவர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் வாசிப்பன்று. ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார்த் துணுக்கு) நான்கு முறை திரும்பி வந்தால் நான்கு முறையும் வெவ்வேறு விதமாக அணி செய்கிறார். சக் அதற்கு இடம் கொடுத்தார். 'டெத்' குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜீன் ஹோக்லனுக்கும் கொடுத்தார், ரைனர்ட்டுக்கும் கொடுத்தார். தம்மைவிடத் தேர்ந்த வாசிப்பாளர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் கையில் தம் இசையை ஒப்படைத்துவிட்டு, அது என்னவாகத் திரும்பி வருகிறது என்று ஆவலோடு பார்த்தவர் அவர். 1990-ஆம் ஆண்டு நிகழ்ச்சியிலிருந்து பழைய ஒலிநாடா எடுத்த முடிவு எனக்கு ஒருதலைப்பட்சமாகத் தோன்றுகிறது. தாம் உயிரோடு, நலத்தோடு வீட்டில் இருக்கும்போது தம் பெயரில் மற்றவர்கள் மேடை ஏறியதைத்தான் அவர் எதிர்த்தார். நோயோடு போராடிக்கொண்டிருந்தபோது, உடம்பு ஒத்துழைத்த நாளிலெல்லாம் இந்த ஆல்பத்துக்காக உழைத்தவர், அது ஒரு பெட்டிக்குள் கிடக்க வேண்டும் என்று நினைத்திருப்பாரா?

நோயின் போக்கை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. கழுத்து வலி என்று மருத்துவரிடம் போனவருக்கு மூளைத்தண்டில் கட்டி இருப்பது 1999 மே 13 அன்று, அவருடைய 32-ஆவது பிறந்தநாளில், உறுதியானது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு 2000 ஜனவரியில் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கான செலவு ஏறத்தாழ 70,000 டாலர். குடும்பத்தால் தாங்க முடியாத தொகை என்பதால் உலகம் முழுவதும் ரசிகர்களும் சக கலைஞர்களும் நிதி திரட்டினார்கள். 2001 மே மாதத்தில் கட்டி மீண்டும் தலைகாட்டியது. செலவுக்காக மறுபடியும் கையேந்த வேண்டியிருந்தது. 'டெத்' குழுவின் லாஸ் ஏஞ்சலஸ் மேடைப் பதிவு அந்த ஆண்டில் வெளியிடப்பட்டதே அவருடைய சிகிச்சைக்குப் பணம் சேர்க்கத்தான். இந்த இரண்டு சிகிச்சைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அவர் அந்தக் கிடார்ப் பகுதிகளைப் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு அவசரத்தோடும் பிடிவாதத்தோடும் ஒருவர் ஒன்றைச் செய்வது அது மற்றவர் காதுக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே. கிறிஸ்டியும் டி ஜார்ஜியோவும் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் வயது ஏறுகிறது. தூய்மையைக் காக்கிறோம் என்று காத்திருந்தால் கடைசியில் கேட்டுச் சொல்வதற்கும் ஆள் இருக்காது.

பதில்: தெற்குமாடம்

வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது அரிது. இந்தத் திரியைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பி ஏழு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனான். கிடார் வாசிப்பான், உங்களைப் போலவே இந்த இசையில் ஊறியவன். 'டெத்' குழுவின் 'சிம்பாலிக்' ஆல்பத்தை எனக்கு முதலில் கேட்கக் கொடுத்தவன் அவன்தான். அவனுடைய கைப்பேசியில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு பதிவுகள் இருந்தன. சில இருபது விநாடி நீளம். சில பாதியில் இருமலோடு நின்றுபோகும். ஒன்றில் எங்கள் அம்மா சாப்பிடக் கூப்பிடுவது கேட்கும். அவனுடைய நண்பர்கள் நல்ல மனத்தோடுதான் வந்து, அவற்றில் ஆறேழைத் தேர்ந்தெடுத்து முழுப் பாடல்களாக்கி அவன் பெயரில் வெளியிடலாம் என்றார்கள். ஒன்றைச் செய்தும் காட்டினார்கள். மிக நன்றாக இருந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "இதில் அவன் எங்கே இருக்கிறான்?" என்று கேட்டார். கிடார்ப் பகுதியை அவர்கள் சுத்தமாக மீண்டும் வாசித்துச் சேர்த்திருந்தார்கள். அவனுடைய கைவிரல் தந்தியில் உரசும் ஓசை அதில் இல்லை.

அதன்பின் அந்த முப்பது பதிவுகளையும் ஒன்றும் செய்யாமல், அவன் வைத்த பெயர்களோடு, அவன் பதிந்த தேதி வரிசையில் தொகுத்து நண்பர்கள் எல்லோருக்கும் கொடுத்தோம். அம்மாவின் குரல் கேட்கும் பதிவை நீக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சக் அவர்களுடைய தாயும் சகோதரியும் அவர் மறைந்த பிறகும் ரசிகர்களோடு தொடர்பில் இருந்து, அவருடைய படைப்புகளைக் காப்பதற்காகப் போராடியதைப் படித்திருக்கிறேன். மூத்த மகனை விபத்திலும் இளைய மகனை நோயிலும் இழந்த தாய், அந்த இளையவனின் முடிவுறாத வேலை தம் விருப்பத்துக்கு மாறாகக் கடையில் விற்கப்படுவதைப் பார்க்க நேர்ந்தது. இரட்டைப்பெடல் அண்ணா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது; இசை கேட்கப்பட வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கப்படுவதற்கு அது முடிக்கப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் வாசித்ததை வாசித்தபடியே, நல்ல ஒலித்தரத்தில், குடும்பத்தின் இசைவோடு கொடுத்தாலே போதுமானது. குரல் இல்லாத இடத்தில் குரல் இல்லை என்பதும் அந்த ஆல்பத்தைப் பற்றிய ஓர் உண்மைதானே.

பதில்: ஆறாம்தந்தி

எல்லோருக்கும் நன்றி. குறிப்பாக, தெற்குமாடம் சகோதரிக்கு. உங்கள் தம்பியின் பதிவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் பலமுறை படித்தேன்.

இந்தப் பேச்சு நடக்கும்போது எனக்கு வேறு இரண்டு ஆல்பங்கள் நினைவுக்கு வந்தன. 'நெவர்மோர்' குழுவின் பாடகர் வாரல் டேன், பிரேசிலின் சாவ் பாவ்லோவில் தம் தனி ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது 2017-இல் இறந்தார். அதுவும் டிசம்பர் 13-ஆம் நாள்தான். அங்கே நிலைமை நேர்மாறாக இருந்தது. குரல்களில் ஒரு பகுதி கிடைத்தது. முன்தயாரிப்பின்போது பாடிவைத்தவற்றையும் சேர்த்துக்கொண்டு, கிடைத்ததைக் கொண்டு மட்டும் ஆல்பத்தைக் கட்டி மறு ஆண்டு வெளியிட்டார்கள். அவர் திட்டமிட்டதைவிடச் சிறியதாகவே அது வந்தது. இல்லாத குரலை இருப்பதுபோல் காட்ட அதில் யாரும் முயலவில்லை என்பதால், அதைக் கேட்கும்போது எனக்கு எந்த உறுத்தலும் ஏற்படவில்லை. 'சில்ட்ரன் ஆஃப் போடம்' குழுவின் அலெக்ஸி லைஹோ 2020 இறுதியில் இறந்தபோது, அவருடைய புதிய குழுவுக்காகப் பதிவாகியிருந்தவை மூன்று பாடல்கள். அந்த மூன்றையும் அப்படியே 2021-இல் வெளியிட்டார்கள். நான்காவது ஒன்றை யாரும் இட்டுக்கட்டவில்லை.

ஆகவே, தெற்குமாடம் சொல்லும் வழியே எனக்கும் சரியென்று படுகிறது. 2004 தொகுப்பில் இருப்பவை ஒலித்தரம் குன்றியவை. குடும்பத்தின் மனத்தாங்கலோடு வெளிவந்தவை. அந்தப் பதிவுகளை மூலத் தடங்களிலிருந்து எடுத்து, ஜிம் மோரிஸ் போன்ற ஒருவர் பொறுப்பில் சுத்தமாக மிக்ஸ் செய்து, இது முடிவுறாதது என்று அட்டையிலேயே அறிவித்து, பாடல் வரிகள் எழுதப்பட்டிருந்தால் அவற்றையும் அச்சிட்டுக் கொடுத்தால், அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வரியைக் கையில் வைத்துக்கொண்டு, குரல் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஏமர் எப்படிப் பாடியிருப்பார் என்று கேட்பவர் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

இரட்டைப்பெடல் நண்பரே, பேஸ் மட்டும் சேர்க்கலாமா என்ற கேள்வியில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? டி ஜார்ஜியோ அந்தக் குழுவின் பேஸ் வாசிப்பாளர், சக்கே தேர்ந்தெடுத்தவர். குரலுக்குச் சொல்லும் தடை அவருக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

பதில்: இரட்டைப்பெடல்

பொருந்தாது என்பேன். 'கன்ட்ரோல் டினைட்' முதல் ஆல்பத்தில் அந்தக் கட்டையில்லாத (ஃபிரெட்லெஸ்) பேஸ் கிடாரில் அவர் வாசித்திருப்பதைக் கேளுங்கள். சக்கின் கிடாரோடு ஒரே கோட்டில் போகாமல் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அந்த உரிமையைக் கொடுத்தவர் சக். 'டெத்' குழுவின் 'இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்' ஆல்பத்திலும் அப்படித்தான். டி ஜார்ஜியோ இப்போது உட்கார்ந்து வாசித்தால், அது சக் கேட்டுக்கொண்ட வேலையைக் காலம் தாழ்த்தி முடித்துக் கொடுப்பதாகவே இருக்கும். குரல் விஷயத்தில் உங்கள் எல்லோருடைய வாதமும் என்னை அசைத்திருக்கிறது. ஏமர் இல்லாத நிலையில் வேறொருவரைப் பாடச் சொல்லி நானும் கேட்கமாட்டேன்.

பதில்: கலவைமேசை

பேஸ் சேர்ப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். வட்டில் இரண்டு வடிவங்களும் இருக்கட்டும். முதலில் பேஸ் இல்லாமல், அவர் விட்டுச்சென்ற நிலையில். அதன்பின் டி ஜார்ஜியோவின் பேஸோடு. எது எப்போது பதிவானது என்பதைத் தடம் வாரியாக, ஆண்டோடு உள்ளட்டையில் குறித்துவிட வேண்டும். மிக்ஸ் செய்கிறவர் கிடாரின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் அந்த அமைதியை, பிளக்கை ஊன்றும் ஓசையை, நாற்காலி நகரும் ஓசையை வெட்டிவிடக்கூடாது. சகோதரியின் தாயார் கேட்ட கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கும்.